பழைய இராணுவப் பைனாகுலர் மங்கலாகத் தெரிந்தால்: அறிகுறி பார்த்துப் பழுது நீக்கும் வழி

பினாங்கில் பழைய இராணுவப் பைனாகுலர் வைத்திருப்பவரிடம் என்ன கோளாறு என்று கேட்டால் பெரும்பாலும் ஒரே பதில்தான் வரும்: "மங்கலாத் தெரியுது." அந்த ஒரு சொல்லுக்குப் பின்னால் நான்கு வெவ்வேறு கோளாறுகள் இருக்கலாம். பூஞ்சை பிடித்திருக்கலாம். கிரீஸ் ஆவி படலமாகப் படிந்திருக்கலாம். இரட்டை லென்ஸின் ஒட்டு விட்டிருக்கலாம். இரண்டு குழல்களும் ஒரே இடத்தைப் பார்க்காமல் போயிருக்கலாம். முதல் இரண்டும் துடைத்தால் போகும். மூன்றாவது வீட்டில் சரியாகாது. நான்காவதற்குத் துடைக்கப் போனால் இருக்கிற நிலையும் கெடும். அதனால் ஸ்குரூடிரைவரை எடுப்பதற்கு முன்னால் எது என்று கண்டுபிடித்துவிட வேண்டும்.

இங்கே கண்ணில் படுபவை பெரும்பாலும் இரண்டாம் உலகப் போர்க்கால பிரிட்டிஷ் 6×30 வகை, அதாவது ஆறு மடங்கு பெரிதாக்கும், முன் லென்ஸ் 30 மில்லிமீட்டர் அகலம். தோளில் "பைனோ பிரிசம் நம்பர் 2" என்றும் அருகில் பிரிட்டிஷ் அரசு உடைமை என்று காட்டும் அகன்ற அம்பு முத்திரையும் பொறித்திருக்கும். கனடாவில் செய்ததென்றால் அம்பைச் சுற்றி ஒரு வளைவு இருக்கும். அவ்வப்போது ஜப்பானிய 7×50 கடற்படை வகையும் வரும். 1941 டிசம்பரில் ஜப்பானியர் பினாங்கைப் பிடித்ததும், அப்புறம் கம்யூனிஸ்ட் கொரில்லாக்களுக்கு எதிராக 1948 முதல் 1960 வரை நீடித்த மலாயா அவசரகாலமும் இந்த மண்ணில் நிறைய இராணுவச் சாமான்களை விட்டுப்போயின. லோரோங் கூலிட் சந்தையில் காலையில் விரித்துப் போடும் பழைய சாமான்களுக்கு நடுவே இன்றும் ஒன்றிரண்டு கிடக்கும்.

எல்லாவற்றிலும் உள்ளமைப்பு ஏறக்குறைய ஒன்றுதான். முன்னால் பெரிய லென்ஸ், நடுவில் குழலுக்கு இரண்டு பிரிசம், கண்பக்கம் ஐபீஸ். இத்தாலியரான இக்னாசியோ போரோ 1854இல் காப்புரிமை பெற்ற பிரிசம் அமைப்பு இது. ஜெய்ஸ் நிறுவனம் 1894இல் இதை வைத்துப் பைனாகுலர் விற்கத் தொடங்கியது. இராணுவ வகையில் இரண்டு கண்களுக்கும் ஒரே சக்கரம் கிடையாது, ஒவ்வொரு ஐபீஸையும் தனித்தனியாகத் திருகித்தான் தெளிவாக்க வேண்டும். ஒரு குழலுக்குள் அளவுக்கோடு போட்ட கண்ணாடித் தகடும் இருக்கலாம்.

திறக்கும் முன்: டார்ச் சோதனை

விளக்கை அணைத்த அறையில் ஐபீஸ் பக்கம் சிறு டார்ச்சைச் சற்றுச் சாய்வாகப் பிடித்து, முன் லென்ஸ் வழியாக உள்ளே பாருங்கள். அப்புறம் திருப்பிப் பிடித்து அதையே செய்யுங்கள். கிளை பிரியும் மெல்லிய நூல்கள், சிலந்தி வலைபோல ஓரத்திலிருந்து நடுவை நோக்கி ஓடினால் பூஞ்சை. நூல் எதுவும் இல்லாமல் கண்ணாடி முழுக்க வெள்ளையாக ஒளிர்ந்தால் படலம். ஓரத்தில் வானவில் நிறமோ மஞ்சளோ தெரிந்தால் ஒட்டு விட்டிருக்கிறது. மூன்றும் இல்லை, ஒரு கண்ணால் பார்த்தால் பளிச்சென்று தெரிகிறது, இரண்டு கண்ணாலும் பார்த்தால் தலை வலிக்கிறது என்றால் உள்ளே அழுக்கே இல்லை. நேராக "இரண்டாகத் தெரிகிறது" என்ற பகுதிக்குப் போய்விடுங்கள்.

அழுக்கு எந்தக் கண்ணாடியில் இருக்கிறது என்பதையும் வெளியிலிருந்தே அறியலாம். வழக்கம்போல் தூரத்தைப் பார்க்கும்போது ஒரு புள்ளி கூர்மையாகத் தெரிந்தால், அது அளவுக்கோட்டுத் தகட்டிலோ அதை ஒட்டிய லென்ஸிலோதான் இருக்கிறது. முன் லென்ஸிலும் பிரிசத்திலும் உள்ள அழுக்கு எப்போதும் கூர்மையாகத் தெரியாது, காட்சியை வெளுக்க மட்டுமே செய்யும். ஐபீஸைத் திருகும்போது புள்ளியும் சுற்றினால் அது ஐபீஸிலேயே இருக்கிறது. இதைத் தெரிந்துகொண்டால் பிரிசம் பக்கமே போகாமல் வேலையை முடிக்க முடிகிற சந்தர்ப்பங்கள் நிறைய.

எந்தச் சோதனைக்கும் சூரியன் பக்கம் மட்டும் திருப்பாதீர்கள். பார்வை போய்விடும்.

நூல்நூலாகத் தெரிகிறது

நம் ஊரில் முதல் எதிரி இதுதான். பினாங்கில் காற்றின் ஈரப்பதம் ஆண்டு முழுக்க 80 விழுக்காட்டை ஒட்டியே இருக்கும். 70ஐத் தாண்டினாலே பூஞ்சைக்குப் போதும். உணவுக்கு மிகக் கொஞ்சம் கிரீஸ் ஆவி, தூசி, விரல் ரேகை இருந்தால் சரி. போர்க்காலத்திலேயே இது பெரிய தலைவலியாக இருந்தது. நியூகினியில் ஆஸ்திரேலியப் படைகளின் ஒளியியல் கருவிகள் பூஞ்சையால் பாழாகி, பாதரசச் சேர்மம் ஒன்றை உள்ளே சேர்த்துத் தடுக்க முயன்றார்கள். அதனால் பழைய கருவிக்குள் என்னவென்று தெரியாத பொடியோ பூச்சோ இருந்தால் கையுறை போட்டுக்கொண்டு வேலை செய்யுங்கள்.

பூஞ்சை கண்ணாடியின் மேல் உட்கார்ந்திருப்பதோடு நிற்பதில்லை. அமிலத்தைக் கக்கிக் கண்ணாடியையே அரிக்கும். துடைத்த பிறகும் நூலின் தடம் சாம்பல் நிறத்தில் அப்படியே தெரிந்தால், அது அரிப்பு. எந்த மருந்தாலும் போகாது. தடம் ஓரத்தில் மட்டும் இருந்தால் காட்சிக்குப் பெரிய கெடுதல் இல்லை, விட்டுவிடலாம்.

வெளிப்பரப்பில் இருப்பதை இப்போதே துடைக்கலாம். முதலில் ரப்பர் ஊதியால் தூசியை அடித்து வெளியேற்றுங்கள். வாயால் ஊதினால் எச்சில் படும், அது பூஞ்சைக்கு விருந்து. சாத்தே குச்சியின் முனையில் சுத்தமான மருத்துவப் பஞ்சைத் தளர்வாகச் சுற்றுங்கள். பஞ்சின் நுனியில் லைட்டர் எண்ணெய் ஒரு சொட்டு. கிரீஸ் முதலில் கரைய வேண்டும். அடுத்த பஞ்சில் 99 விழுக்காடு ஐசோபுரோப்பைல் ஆல்கஹால். பஞ்சை அழுத்தித் தேய்க்கக் கூடாது. கண்ணாடியின் நடுவில் வைத்து, குச்சியை விரல்களுக்கு இடையில் உருட்டிக்கொண்டே ஓரத்துக்கு இழுங்கள். உருளும்போது அழுக்கு பஞ்சோடு மேலே ஏறிவிடும், கண்ணாடியில் தேயாது. ஒரு இழுப்போடு அந்தப் பஞ்சைத் தூக்கிப் போடுங்கள். பஞ்சு குப்பையாகக் குவிவதைப் பார்த்துத் தயங்காதீர்கள். ஒரே பஞ்சை இரண்டாம் முறை பயன்படுத்தும்போதுதான் கீறல் விழுகிறது.

லென்ஸில் மேல்பூச்சு இருக்கிறதா என்று முன்கூட்டியே பார்த்துக்கொள்ளுங்கள். விளக்கின் பிரதிபலிப்பு வெள்ளையாகத் தெரிந்தால் வெறும் கண்ணாடி. நீலமாகவோ ஊதாவாகவோ தெரிந்தால் பூச்சு உண்டு. அந்தக் காலத்துப் பூச்சு மிக மென்மையானது, இரண்டு அழுத்தல் போதும், உரிந்துவிடும்.

ஆல்கஹாலுக்கும் போகாத பூஞ்சைக்கு, மருந்துக்கடையில் விற்கும் 3 விழுக்காடு ஹைட்ரஜன் பெராக்ஸைடையும் வீட்டு உபயோக அமோனியாவையும் சம அளவு கலந்து பஞ்சில் தொட்டுத் துடைக்கலாம். அப்போதைக்கு அப்போது கலந்து, மிச்சத்தைக் கொட்டிவிடுங்கள். புட்டியில் அடைத்து வைத்தால் வாயு சேர்ந்து வெடிக்கும். சன்னலைத் திறந்து வையுங்கள். பக்கத்தில் குளோராக்ஸ் போன்ற எந்த வெளுப்பானும் இருக்கவே கூடாது, அமோனியாவோடு சேர்ந்தால் நச்சுவாயு. இந்தக் கலவையை ஒட்டுப்போட்ட லென்ஸின் ஓரத்திலும் அளவுக்கோட்டுத் தகட்டிலும் படவிடாதீர்கள். கோடுகளுக்குள் நிரப்பிய மை கரைந்துபோகும். அளவுக்கோட்டுத் தகட்டுக்கு ரப்பர் ஊதி மட்டும் போதும். ஒரு தூசி மிச்சமிருந்தாலும் பரவாயில்லை, கோடு போனால் திரும்ப வராது.

பூஞ்சை பிரிசத்தில் இருந்தால் கொஞ்சம் நிதானம் வேண்டும். பிரிசத்தின் சரிவுப் பக்கங்கள் இரண்டும் ஒளியை உள்ளேயே திருப்பி அனுப்புபவை. கண்ணாடிக்கு வெளியே காற்று மட்டும் இருக்கிறவரைதான் அது நடக்கும். அந்தப் பக்கத்தில் ஒரு விரல் ரேகை பட்டாலே அந்த அளவுக்கு ஒளி கசிந்துபோகும். அதனால் பிரிசத்தை மணிக்கட்டு வரை மூடிய கையுறை இல்லாமல் தொடாதீர்கள். பூஞ்சை சரிவுப் பக்கத்தில் மட்டும் இருந்தால், பிரிசத்தைப் பிடித்திருக்கும் உலோகப் பட்டையைக் கழற்றாமலேயே இரு பக்கத்திலும் துடைக்கப் பாருங்கள். தட்டையான பெரிய முகத்தில் இருந்தால் மட்டுமே வெளியே எடுக்க வேண்டும். அப்போதும் ஒரு நேரத்தில் ஒரு பிரிசம் மட்டும். சொரசொரப்பான ஓரப் பக்கத்தில் பென்சிலால் எது மேல், எந்தக் குழல், எந்தத் திசை என்று குறியுங்கள். பளபளப்பான முகத்தில் பென்சில் படக்கூடாது. ஒன்றைத் துடைத்துத் திரும்ப வைத்துப் பட்டையைப் போட்ட பிறகே அடுத்ததைத் தொடுங்கள். நான்கு பிரிசத்தையும் மேசையில் பரப்பி வைத்துவிட்டு எது எங்கிருந்து வந்தது என்று தேடும் நிலை வரவே கூடாது.

பட்டையைத் திரும்ப முடுக்கும்போது பிரிசம் அசையாத அளவு மட்டும். அதற்கு மேல் இறுக்கினால் கண்ணாடியின் முனை சில்லு பெயரும்.

முழுக்க வெள்ளைப் படலம்

பழைய கிரீஸ் வெயிலில் ஆவியாகி உள்கண்ணாடிகளில் படிவதுதான் இது. முன்பக்கமும் பின்பக்கமும் ஒரே மாதிரி ஒளிரும். மாலை வேளையில் விளக்கின் எதிரே பார்த்தால் காட்சி முழுக்க வெளுத்துத் தெரியும், பகலில் அவ்வளவாகத் தெரியாது. பூஞ்சையைவிட எளிதாகப் போகும்: லைட்டர் எண்ணெய், அப்புறம் ஆல்கஹால், மேலே சொன்ன உருட்டல் முறை. ஆனால் துடைத்துவிட்டுப் பழைய கிரீஸை அப்படியே விட்டால் சில மாதங்களில் படலம் திரும்பிவிடும். ஐபீஸ் மரையில் காய்ந்து கிடக்கும் பழைய கிரீஸைச் சுத்தமாக எடுத்த பிறகே மூடுங்கள்.

ஓரத்தில் வானவில், மஞ்சள்

முன் லென்ஸ் இரண்டு கண்ணாடிகளை கனடா பால்சம் என்ற மரப்பிசினால் ஒட்டிச் செய்தது. அது பல பத்தாண்டுகளில் காய்ந்து விலகும், அல்லது மஞ்சளாகும். ஓரத்தில் மட்டும் இருந்தால் அப்படியே பயன்படுத்துங்கள். நடுவரை வந்துவிட்டால், லென்ஸைப் பிரித்து மறுபடி மையம் பார்த்து ஒட்ட வேண்டும். அதற்கு மையம் சரிபார்க்கும் கருவி வேண்டும், ஆகவே இது ஒளியியல் பட்டறை வேலை. இப்படிப்பட்ட லென்ஸை ஆல்கஹாலில் ஊறவைப்பதும் வெயிலில் காயவைப்பதும் ஒட்டை இன்னும் விலக்கும்.

ஐபீஸ் திரும்பவில்லை

கையால் திருகுகிறீர்கள், அசையவில்லை. குறடு எடுக்காதீர்கள். உள்ளே கிரீஸ் வார்னிஷ்போல இறுகியிருக்கிறது, அவ்வளவுதான். ஹேர் டிரையரால் ஐபீஸ் கழுத்தைக் கையால் தொடும் சூட்டில் மெதுவாகச் சூடாக்குங்கள். பைனாகுலரை ஐபீஸ் கீழே பார்க்கும்படி நிறுத்தி, மரையின் விளிம்பில் லைட்டர் எண்ணெய் ஒரு சொட்டு விடுங்கள். சொட்டு உள்ளே ஓடாமல் வெளியே இறங்குவதற்காகவே இந்த நிலை. லைட்டர் எண்ணெய் தீப்பற்றக்கூடியது, டிரையரை முழுக்க அணைத்துத் தள்ளி வைத்த பிறகுதான் விட வேண்டும். சற்று நேரம் கழித்துச் சைக்கிள் டியூப் துண்டைச் சுற்றிப் பிடித்து முன்னும் பின்னுமாக அசைத்துப் பாருங்கள். ஒரு மயிரிழை அசைந்தால் போதும், மறுபடி ஒரு சொட்டு, மறுபடி அசைவு.

பலர் டபிள்யூடி-40 தெளிப்பார்கள். அந்த எண்ணெய் மரையில் நிற்காது, ஊர்ந்து லென்ஸ் மேல் ஏறிப் படலமாகும். அதற்கப்புறம் முன்பகுதியில் சொன்ன துடைப்பு வேலையைத்தான் செய்ய வேண்டியிருக்கும்.

டயாப்டர் (அவரவர் பார்வைக்கேற்ப ஐபீஸைத் திருத்தும் அளவு) எண்கள் பொறித்த வளையத்தைக் கழற்றும்போது பக்கத்தில் நுண்ணிய நிறுத்துத் திருகாணிகள் இருக்கும். அவற்றைத் தளர்த்திய பிறகு வளையம் வந்துவிடும். அப்புறம் ஐபீஸை முழுக்கத் திருகி வெளியே எடுப்பதென்றால், இதுதான் கவனிக்க வேண்டிய இடம்: அந்த மரையில் ஒரே ஒரு தொடக்கம் இல்லை, பல தொடக்கங்கள் இருக்கும். எந்தத் தொடக்கத்தில் நுழைத்தாலும் உள்ளே போகும், ஆனால் சரியானதில் நுழைத்தால்தான் பழைய உயரத்தில் நிற்கும். வெளியே எடுக்கும்போது மிக மெதுவாகத் திருகுங்கள். மரை விடுபடும் அந்த நொடியில், இரு பாகத்திலும் நேர்நேராக ஒரு பென்சில் கோடு போடுங்கள். திரும்பப் போடும்போது கோடுகள் எதிரெதிரே நிற்கும் இடத்தில் நுழைத்தால் ஒரே முயற்சியில் முடிந்துவிடும். இந்தக் கோடு போட மறந்தால் ஒவ்வொரு தொடக்கமாகப் போட்டுப் பார்த்துத்தான் கண்டுபிடிக்க முடியும்.

புதிதாகப் பூசுவதற்குப் பார்வைக் கருவிகளுக்கென்று விற்கும் கெட்டியான கிரீஸே சரி. வாஸ்லின் நம் வெப்பத்தில் இளகி ஒழுகும். மோட்டார் சைக்கிள் கிரீஸில் எண்ணெய் பிரிந்து லென்ஸுக்கு ஆவியாகப் போகும். விரல் நுனியில் தடவும் அளவு போதும்.

முன் லென்ஸ் கழலவில்லை

இங்கே பலம் காட்டினால் திருகாணி உடையும், வளையம் சிதையும். பெரும்பாலும் காரணம் மரை இறுகியது அல்ல, நிறுத்துத் திருகாணி ஒன்று இன்னும் கண்ணில் படவில்லை. குழலின் விளிம்பைச் சாய்வான வெளிச்சத்தில் சுற்றிலும் பாருங்கள். கறுப்புப் பெயின்டுக்கடியிலோ மெழுகுக்கடியிலோ ஊசிமுனையளவு பள்ளம் தெரியும். மெழுகை மரக்குச்சியால் கிளறி எடுத்தால் திருகாணித் தலை வரும். அளவு சரியாகப் பொருந்தும் தட்டை ஸ்குரூடிரைவர் மட்டுமே பயன்படுத்துங்கள். கொஞ்சம் ஒல்லியானது போட்டாலும் தலை வழுக்கிவிடும்.

திருகாணி வந்த பிறகு வெளிமூடி வளையம் பெரும்பாலும் ரப்பர் பிடியில் கழலும். அதற்குள்ளே லென்ஸைப் பிடிக்கும் வளையத்தில் எதிரெதிரே இரண்டு வெட்டுகள் இருக்கும். அதற்கு லென்ஸ் ஸ்பானர் வேண்டும். கத்திரிக்கோல் முனையை வைத்துத் திருகினால் வழுக்கி நேராக லென்ஸில் கீறல் போடும். ஸ்பானருக்கும் லென்ஸுக்கும் நடுவே கெட்டிக் காகிதத் தட்டு ஒன்றை வெட்டி வைத்துக்கொள்ளுங்கள்.

கழற்றும் முன் முன் லென்ஸ், அதைச் சுற்றிய வளையம், குழல் மூன்றையும் கடந்து ஒரு பென்சில் கோடு கட்டாயம் போடுங்கள். ஏன் என்பது அடுத்த பகுதியில் புரியும்.

இரண்டாகத் தெரிகிறது

"ஒவ்வொரு கண்ணுலயும் நல்லாத் தெரியுது அண்ணே, ரெண்டையும் திறந்தா கண்ணு வலிக்குது" என்று பட்டர்வொர்த்திலிருந்து ஒரு தம்பி கொண்டுவந்து காட்டினால், நான் திருகாணியைத் தொடுவதற்கு முன் தூரத்தைப் பார்க்கச் சொல்வேன். இரு குழல்களின் நேர்க்கோடும் ஒன்றோடொன்று இணையாக இல்லாததுதான் கோளாறு. இரண்டையும் இணையாக்குவதைக் கொலிமேஷன் என்பார்கள்.

சோதிக்க நல்ல தூரம் வேண்டும். எஸ்பிளனேடில் நின்றால் கடலுக்கு அப்பால் பட்டர்வொர்த் துறைமுகக் கிரேன்கள் தெரியும், கிடைக்கோடும் நிமிர்கோடும் அதிலேயே இருக்கும். காலையில் போங்கள், நண்பகலில் கடல் மேல் காற்று நடுங்கிக்கொண்டே இருக்கும். புகைமூட்டக் காலத்தில் எதுவும் தெரியாது. பைனாகுலரை முக்காலியில் ஏற்றி, ஐபீஸிலிருந்து கண்ணை ஒரு சாண் பின்னால் எடுத்து இரண்டு வட்டங்களையும் ஒருசேரப் பாருங்கள். கிரேனின் கிடைக்கோடு இரு வட்டத்திலும் ஒரே உயரத்தில் வெட்ட வேண்டும். ஒன்றில் மேலும் ஒன்றில் கீழும் இருந்தால் மனிதக் கண்ணால் கொஞ்சமும் பொறுக்க முடியாது, ஏனென்றால் நம் கண்கள் உள்நோக்கித் திரும்பப் பழகியவை, ஒன்று மேலும் ஒன்று கீழுமாகத் திரும்பப் பழகியவை அல்ல. பக்கவாட்டில் உள்நோக்கிய சிறு விலகலைக் கண்கள் தாங்கிக்கொள்ளும். வெளிநோக்கிய விலகல் அதைவிடக் கஷ்டம்.

சரி, எது நகர்ந்தது? முன் லென்ஸா, பிரிசமா? இதற்கு எளிய துப்பு ஒன்று உண்டு. முன் லென்ஸ் வளையத்தில் தொழிற்சாலை வைத்த அரக்குப்பூச்சோ மெழுகோ உடையாமல் இருந்தால், முன் லென்ஸ் நகரவில்லை. யாரோ கீழே போட்டதில் பிரிசம்தான் நகர்ந்திருக்கும். அந்த நிலையில் முன் லென்ஸை நகர்த்திச் சமாளித்தால் காட்சி ஒன்று சேரும், ஆனால் கோளாறு உள்ளேயே இருக்கும், அடுத்த குலுக்கலில் மீண்டும் போகும். முதலில் பிரிசத்தைச் சரியாக உட்காரவைக்க வேண்டும். மெழுகு உடைந்திருந்தால், முன்பு யாரோ திறந்து குறியில்லாமல் மூடியிருக்கிறார்கள். அப்போது முன் லென்ஸில் திருத்தலாம்.

முன் லென்ஸைத் திருத்துவது இப்படி. லென்ஸ் உட்கார்ந்திருக்கும் வளையத்தின் துளை நடுவில் இல்லாமல் ஒரு பக்கம் விலகியிருக்கும். அதன் வெளியே இன்னொரு விலகிய வளையம். இரண்டையும் ஒன்றுக்கொன்று சுழற்றினால் லென்ஸின் மையத்தை ஒரு சிறு வட்டத்துக்குள் எங்கு வேண்டுமானாலும் கொண்டுபோகலாம். பிடிவளையத்தைக் கொஞ்சம் மட்டும் தளர்த்தி, ஒரு வளையத்தை மயிரிழை சுழற்றி, கிரேனைப் பாருங்கள். எந்தப் பக்கம் நகர்ந்தது என்று குறித்துக்கொண்டு அடுத்த சுழற்றல். இரண்டு குழல்களையும் மாற்றி மாற்றித் தொட்டால் ஒரு முடிவுக்கும் வராது. விலகல் அதிகமாகத் தெரியும் குழலை மட்டும் திருத்துங்கள், மற்றதை அளவுகோலாக வைத்துக்கொள்ளுங்கள்.

காட்சி ஒன்று சேர்ந்ததும் கீலை மடக்கி, கண் இடைவெளியை மாற்றிப் பாருங்கள். எல்லா இடைவெளியிலும் ஒன்றாகவே இருந்தால் இரு குழல்களும் கீலின் அச்சுக்கே இணையாக வந்துவிட்டன, முழுமையான கொலிமேஷன். உங்கள் கண் இடைவெளியில் மட்டும் சேர்ந்து, மற்ற இடைவெளிகளில் பிரிந்தால் பாதிதான். என் கருத்து, ஒருவர் மட்டும் பயன்படுத்தும் பைனாகுலருக்கு இந்தப் பாதியே போதும். முழுமையாக்க அளவுக்கருவி வைத்த பட்டறை வேண்டும். வீட்டில் அதைத் துரத்திக்கொண்டு போனால் நல்ல குழலும் கெடும். ஆனால் வீட்டில் பலரும் எடுத்துப் பார்க்கும் கருவியாக இருந்தால் பட்டறைக்கே கொடுத்துவிடுங்கள்.

ஒரு குழலில் காட்சி சாய்ந்திருக்கிறது

கொம்தார் கோபுரத்தின் நிமிர்ந்த ஓரம் ஒன்றைப் பாருங்கள். ஒரு வட்டத்தில் நிமிர்ந்தும் மற்றதில் சாய்ந்தும் தெரிந்தால் முன் லென்ஸுக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை. ஒரு குழலின் இரண்டு பிரிசங்களும் ஒன்றுக்கொன்று சரியாக 90 பாகையில் குறுக்கே நிற்க வேண்டும். ஒன்று அரைப் பாகை திரும்பினால் காட்சி ஒரு பாகை சாயும், எப்போதும் இரட்டிப்பு. அதனால் கண்ணுக்கே தெரியாத அசைவு போதும்.

அந்தக் குழலின் மூடியைத் திறந்து, பட்டையைத் தளர்த்தி, பிரிசத்தை அதன் பள்ளத்தில் ஒரு பக்கச் சுவரோடு ஒட்டித் தள்ளி மெதுவாக முடுக்குங்கள். பெரும்பாலும் சுவரோடு ஒட்டியதுமே நேராகிவிடும். பள்ளத்தின் ஓரத்தில் பழைய கிரீஸ் கட்டியோ உடைந்த சில்லோ மாட்டியிருந்தால் பிரிசம் உட்காராது, முதலில் அதை எடுங்கள். மூடியதும் கோபுரம், அப்புறம் கிரேன், இந்த வரிசையில் சோதியுங்கள். சாய்வு சரியாகும் முன் கொலிமேஷனைத் தொடுவதில் பயனில்லை.

உள்ளே ஏதோ கலகலக்கிறது

குலுக்கிப் பார்ப்பதை உடனே நிறுத்துங்கள். பிரிசம் பட்டையிலிருந்து விடுபட்டு உள்ளே அலைந்தால் ஒவ்வொரு குலுக்கலும் ஒரு சில்லு. முன் லென்ஸ் கீழே இருக்கும்படி நிறுத்தி வைத்து அப்படியே திறவுங்கள். ஓரச் சில்லு காட்சியில் தெரியாது, நடுமுகத்தில் விரிசல் இருந்தால் பிரிசமே மாற்ற வேண்டும். அதே வகைப் பைனாகுலர் ஒன்றை உதிரிக்காகத் தேடி வாங்குவதே மலிவு.

கீல் தளர்ந்தால் அச்சின் முனையில் உள்ள மூடியைக் கழற்றி உள்திருகாணியைச் சற்று முடுக்குங்கள். ஒரு குழலை மட்டும் பிடித்துத் தூக்கினால் மற்றது தானாகச் சரியாமல் நிற்க வேண்டும், அது போதும். இறுகியிருந்தால் ஐபீஸுக்குச் சொன்ன அதே சூடு, அதே சொட்டு.

மூடிய பின்

ஒரு காய்ந்த நாளில், குளிர்சாதனம் ஓடும் அறையில் மூடுங்கள். மழை பெய்து ஓய்ந்த மாலையில் மூடினால் அந்த ஈரத்தையே உள்ளே பூட்டிவிடுகிறீர்கள். பழைய ரப்பர், கார்க் வளையங்கள் பெரும்பாலும் காய்ந்து வெடித்திருக்கும். மாற்ற முடிந்ததை மாற்றுங்கள், இல்லாவிட்டால் மூடியின் மரையில் துளி கிரீஸ் தடவி மூடுங்கள்.

கூட வந்த தோல் உறை பார்க்க அழகுதான், ஆனால் அதற்குள் பைனாகுலரை வைக்காதீர்கள். தோல் ஈரத்தை உறிஞ்சி வைத்துக்கொள்ளும், தோலே பூஞ்சைக்கு உணவு. உறையைத் தனியே வையுங்கள். கருவியை 40 முதல் 50 விழுக்காடு ஈரப்பதத்தில் நிற்கும் மின் டிரை கேபினட்டில் வைப்பது நல்லது. அது இல்லையென்றால் இறுக்கமாக மூடும் பிளாஸ்டிக் பெட்டியும் நிறம் மாறும் சிலிகா ஜெல்லும், பெட்டிக்குள் சிறிய ஈரப்பதமானி ஒன்றும். நிறம் மாறியதும் ஜெல்லை அடுப்பின் மெல்லிய சூட்டில் வறுத்துத் திரும்பப் போடலாம், ஆனால் வறுத்த சட்டியைச் சமையலுக்கு எடுக்காதீர்கள். மாதம் ஒருமுறை டார்ச் சோதனை செய்யுங்கள். வெளிமுகத்தில் புதிதாக நூல் தலைகாட்டினால், அது கண்ணாடியை அரிக்கும் முன் ஒரு பஞ்சிலேயே போய்விடும், குழலைத் திறக்க வேண்டியதே இல்லை.